கருவி பழுதாகும், கணக்கும் பழுதாகலாமா?

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் கணினியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத குடும்பத்தைக் காண்பது இன்று அரிது. சாலைக் கடைத்தெருவில் மொத்த வாணிகம் செய்வோர் வரவுசெலவைக் கணினியில் எழுதுகின்றனர். கரமனையிலும் கோட்டையைச் சூழ்ந்த தெருக்களிலும் வாழ்வோர் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் திருமணப் படங்களையும் அதிலேயே சேர்த்து வைக்கின்றனர். 1990ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டெக்னோபார்க்கில் நம் இளைஞரும் மகளிரும் பணி புரிகின்றனர். சங்கங்களின் உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் கூடக் காகிதப் பேரேட்டை விட்டுக் கணினிக்குள் குடிபுகுந்துவிட்டன.

இத்தனையையும் தாங்கி நிற்பது ஒரு பொறி. பொறி என்றால் ஒரு நாள் அது நிற்கும். அந்நாளில் நம் கணக்கும் அதனோடு போய்விடுமா, அன்றி அது மாத்திரம் பிழைத்து நிற்குமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள். இது பொறியியலாளர் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தி என்று எவரும் ஒதுங்க வேண்டா. நெல்லைச் சேர்ப்பவனுக்குக் குதிரைப் பற்றிய அறிவும் வேண்டும் அன்றோ?

ஏடு வேறு; நூல் வேறு

டெக்னோபார்க்குக்கு அண்மையில், காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனமும் சுவடி நூலகமும் இருக்கின்றன. பல்லாயிரம் ஓலைச்சுவடிகளை அங்கே காத்து வருகின்றனர். பனையோலை நெடுங்காலம் இருக்கும் பொருள் அன்று. ஈரமும் பூச்சியும் இந்த மலைநாட்டு மழையும் அதனை அரித்துவிடும். அவ்வாறிருந்தும் பல நூற்றாண்டுகளுக்கு முன் இயற்றப்பெற்ற நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? ஏடு நைந்து போகும் முன்னரே அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்தவர்கள் இருந்தமையால்தான். ஏடு வேறு, நூல் வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஏடு அழியும், நூல் ஓர் ஏட்டினின்று மற்றோர் ஏட்டுக்குக் குடிபெயர்ந்து வாழும்.

படி இல்லாத நூலின் கதி யாது என்பதையும் நாம் அறிவோம். 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பெற்றது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் அச்சு நூல்களுக்கு வேறிடங்களில் படிகள் கிடைக்கலாம். வேறெங்கும் படியில்லாத ஏடுகளோ, போனவை போனவையே.

இன்று நாம் பேசப்போகும் மெய்நிகராக்கம், மேகக் கணிமை என்னும் இரண்டும் இந்தப் பழைய அறிவின் புதிய வடிவங்களே ஆகும்.

பொறி எவ்வாறு நிற்கிறது?

பல கணினிகளும் கைப்பேசிகளும் கேட்பதை எடுத்து வழங்கும் பொதுக் கணினிக்குச் ‘சர்வர்’ என்று பெயர். தமிழில் ‘வழங்கி’ என்பர். வங்கியின் இருப்பைக் கைப்பேசியில் பார்க்கும்போதும், இரயில் பயணச்சீட்டைப் பதிவு செய்யும்போதும் எங்கோ ஒரு வழங்கிதான் நமக்கு விடை தருகிறது.

அது நிற்பதற்குக் காரணங்கள் பல. வட்டுகள் தேயும், மின்சாரம் ஊட்டும் பகுதி எரிந்து போகும், விசிறி நின்று வெப்பம் மிகும், நினைவகம் பிழைபடும். இடவப்பாதியில் இடியும் மின்னலும் வந்தால் மின்னழுத்தம் ஏறியிறங்கிப் பொறியைக் கெடுக்கும். ஓக்கிப் புயல் 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரியையும் நம் நகரின் கடற்கரையையும் தாக்கியதை நாம் மறக்கவில்லை. 2023 அக்டோபரில் தெற்றியாறு பெருகி டெக்னோபார்க்கின் சுற்றுப்புறத்தை வெள்ளக்காடாக்கியதையும் கண்டோம். இவை போதாவென்று மனிதப் பிழையும் திருட்டும் வேறு இருக்கின்றன. தவறான ஒரு கட்டளையில் கோப்புகள் அழிவதும், தீயோர் கோப்புகளைப் பூட்டி வைத்து மீட்புப் பணம் கேட்பதும் இன்று நாள்தோறும் கேட்கும் செய்திகள்.

ஆகவே, வழங்கி நிற்குமா என்னும் கேள்வியில் பயனில்லை. நின்றபின் என்ன செய்வோம் என்பதே கேள்வி.

மெய்நிகராக்கம்

முற்காலத்தில் ஒரு பணிக்கு ஒரு பொறி என்று வைத்திருந்தனர். கணக்குக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பொறியும் நாளின் பெரும்பகுதி சும்மா இருக்கும். ஒன்று பழுதானால் அதே இனத்துப் பொறியைத் தேடி வாங்கி, இயக்குதளத்தை நிறுவி, மென்பொருளைப் பொருத்திப் பழைய நிலைக்குக் கொணர்வதற்குள் நாட்கள் கழிந்துவிடும்.

மெய்நிகராக்கம் இம்முறையை மாற்றியது. உண்மைப் பொறியின்மேல் ‘ஹைப்பர்வைசர்’ என்னும் மேற்பார்வை மென்பொருள் அமர்கிறது. அது அந்த ஒரு பொறியின் ஆற்றலைப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தனிப்பொறி போலத் தோன்றச் செய்கிறது. பெரிய கூட்டுக்குடும்ப வீட்டைத் தடுத்துப் பல குடித்தனங்கள் ஆக்குவது போன்றது இது. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. அடிமனை மட்டும் ஒன்று. 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் பெரும் கணினிகளில் இதனைச் செய்து காட்டினர். 1998இல் தொடங்கப்பெற்ற வி.எம்.வேர் நிறுவனம் சாதாரண கணினிகளுக்கும் இதனைக் கொணர்ந்தது.

பழுதைச் சமாளிப்பதற்கு இதனால் விளைந்த பெரும் பயன் ஒன்றுண்டு. மெய்நிகர் பொறி என்பது உண்மையில் சில கோப்புகளின் தொகுதியே. கோப்பு என்றால் அதனைப் படியெடுக்கலாம். வேறொரு பொறிக்குக் கொண்டு சென்று அங்கே இயக்கலாம். இங்கேதான் ஏடும் நூலும் பிரிகின்றன. அடியில் உள்ள பொறியைப் பழுது பார்க்க வேண்டுமாயின், இயங்கிக் கொண்டிருக்கும் மெய்நிகர் பொறியை நிறுத்தாமலே வேறொரு பொறிக்கு மாற்றும் வசதியும் 2003ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. பொறி திடீரென்று நின்றுவிட்டாலோ, அதன்மேல் இருந்த மெய்நிகர் பொறிகள் மற்றொரு பொறியில் சில நிமிடங்களில் மீண்டும் தொடங்கும்.

ஆயினும் இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, பத்துப் பணிகளை ஒரே பொறியில் ஏற்றிவிட்டு வேறு பொறி வைக்காதவர் ஆபத்தைக் குறைத்தவர் அல்லர், பெருக்கியவர். எல்லா நெல்லையும் ஒரே குதிரில் கொட்டியவரின் நிலைதான் அவருடையது. முன்பு ஒரு பொறி நின்றால் ஒரு பணி நிற்கும். இப்பொழுது பத்தும் நிற்கும். இரண்டாவது, மாற்றுப்பொறி இருந்தால் மட்டும் போதாது. நின்ற பொறியின் சுமையையும் சேர்த்துத் தாங்கும் இடம் அதில் ஒழிந்திருக்க வேண்டும். இரண்டு பொறிகளையும் நிரம்ப நிரம்ப ஏற்றி வைத்தால் ஒன்று விழும் நாளில் மற்றொன்றும் திணறும். மூன்றாவது, இரு பொறிகளும் ஒரே சேமிப்பகத்தை நம்பியிருந்தால் அந்தச் சேமிப்பகம் விழும்போது இரண்டும் விழும்.

மேகம் என்பது யாது?

‘மேகம்’ என்ற சொல்லைக் கேட்டு வானத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. மேகக் கணிமை என்பது வேறொருவருடைய கட்டடத்தில், வேறொருவருடைய பொறியில், நமக்கென்று ஒரு மெய்நிகர் பொறியை வாடகைக்கு எடுத்துக் கொள்வதே. அமேசான் நிறுவனம் 2006இல் இத்தகைய வாடகைப் பொறிகளை அளிக்கத் தொடங்கியது. இந்தியாவில் அந்நிறுவனத்துக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும், மைக்ரோசாப்டுக்குப் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களிலும், கூகுளுக்கு மும்பையிலும் தில்லியிலும் தரவு மையங்கள் உள்ளன. இந்திய அரசும் தன் துறைகளுக்காக ‘மேகராஜ்’ என்ற பெயரில் 2014இல் மேகத் திட்டத்தைத் தொடங்கியது. கேரள அரசின் தரவு மையங்கள் நம் நகரில் பாளையத்திலும் டெக்னோபார்க்கிலும் அமைந்திருக்கின்றன.

வாடகை முறையின் நன்மை வெளிப்படை. பொறி வாங்க முதல் வேண்டா. குளிர்சாதன அறை வேண்டா. மின்கலமும் மின்னாக்கியும் வேண்டா. பொறி பழுதானால் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. சென்னையில் உள்ள பொறிக்குப் புனேயில் ஒரு படியையும் வைத்துக் கொள்ளலாம். தனிப்பட்ட ஒரு வணிகர் இரண்டு நகரங்களில் இடம் பிடித்து இதனைச் செய்வது முன்பு எண்ணிப் பார்க்கவும் இயலாத செயல்.

இங்குச் சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்பது நன்று. நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் இயங்கும் என்று ஒருவர் உறுதி கூறுகிறார் என்க. கேட்பதற்கு இனிமையாய் இருக்கிறது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்பதே அதன் பொருள். 99.5 என்றால் 44 மணி, 99.99 என்றால் 53 நிமிடம். அந்த நிமிடங்கள் நாம் ஓய்ந்திருக்கும் நள்ளிரவில் வரும் என்பதற்கு எவரும் உறுதி தருவதில்லை. ஓணத்துக்கு முதல் நாள் கடையில் கூட்டம் நிற்கும்போதும் வரலாம்.

இன்னொரு கணக்கு. நூறு நாட்களில் ஒரு நாள் நிற்கக்கூடிய பொறிகள் இரண்டு வைத்தால், இரண்டும் ஒரே நாளில் நிற்பது பதினாயிரம் நாட்களில் ஒரு நாள்தான். ஆனால் இக்கணக்கு, ஒன்றின் கேடு மற்றொன்றைத் தொடாதவரையில்தான் செல்லும். இரண்டும் ஒரே அறையில், ஒரே மின்கம்பியில், ஒரே கடவுச்சொல்லில் இருந்தால் அவை இரண்டல்ல; ஒன்றே. இதனை மறந்தவர்களை உலகம் அண்மையில் கண்டது.

உலகம் கற்ற பாடங்கள்

2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பற்றி முற்றிலும் எரிந்தது. இலட்சக்கணக்கான இணையதளங்கள் நின்றன. வேற்றூரில் படி வைத்திருந்தவர்கள் விரைவில் மீண்டனர். படியையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.

2025 செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் தேஜோன் நகரத்து அரசுத் தரவு மையத்தில் தீ மூண்டது. மின்சாரம் தடைப்பட்டால் உதவ வேண்டும் என்று வைத்திருந்த லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும்போதே தீ பிறந்தது. அரசின் 709 கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர் தம் ஆவணங்களைச் சேர்த்து வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் சேமிப்பகத்தில் 858 டெராபைட் அளவான தரவு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியில் படி வைக்கப்படவில்லை. அது அரசாங்கமே நடத்திய மேகந்தான்.

இலங்கையில் 2023 ஆகஸ்டு மாதம் அரசு மேகத்தைப் பணம் பறிக்கும் நச்சு மென்பொருள் தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்டு 26 வரை சேர்ந்த கடிதங்கள் மீளவில்லை. காப்புநகல் இல்லாமல் இல்லை. ஆனால் அதுவும் இணைப்பிலேயே இருந்தமையால் அதனையும் சேர்த்துப் பூட்டிவிட்டது அந்நச்சு. துண்டித்துத் தனியே வைத்த படி அந்த மாதங்களுக்கு இல்லை.

இவற்றுக்கு மாறான நற்செய்தியும் ஒன்றுண்டு. ஆஸ்திரேலியாவில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியின் மேகக் கணக்கு, 2024 மே மாதம், கூகுள் நிறுவனத்தார் பக்கத்தில் நேர்ந்த ஓர் அமைப்புப் பிழையால் நீக்கப்பட்டது. இரண்டு இடங்களில் இருந்த இணைப்படிகளும் ஒருங்கே மறைந்தன. ஒன்றில் நிகழும் மாற்றம் மற்றொன்றிலும் உடனே நிகழ்வதே இணைப்படியின் இயல்பு. அதனால் பிழையும் அழிவும் கூட உடன் செல்லும். ஆயினும் அந்நிதியினர் வேறொரு நிறுவனத்திடமும் காப்புநகல் வைத்திருந்தனர். அதனால் சில நாட்கள் சேவை நின்றதே அன்றி, முதியோரின் சேமிப்புக் கணக்கு அழியவில்லை.

மெய்நிகராக்கமும் மேகமும் பொறியின் சாவினின்று நம்மைக் காக்கும். நம் கவனக்குறைவினின்று காக்க மாட்டா. இதுவே இந்நிகழ்ச்சிகள் கூறும் பொருள்.

வெள்ளத்தில் போனதும் மீண்டதும்

நம் மாநிலத்தின் அனுபவமும் இதற்குச் சான்று. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது, மரப்பெட்டியிலும் அலமாரியிலும் வைத்திருந்த குடும்ப அட்டைகள், பள்ளிச் சான்றிதழ்கள், நிலப் பத்திரங்கள் ஊறிக் கூழாயின. துயர் தணிந்தபின் மாநில அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, அரசின் கணினிகளில் இருந்த பதிவுகளினின்று சான்றிதழ்களை மீட்டு அளித்தது. பலவற்றை 2015இல் தொடங்கப்பெற்ற ‘டிஜிலாக்கர்’ என்னும் மின்பெட்டகத்தின் வழியாக அளித்தனர். 2024 சூலை 30ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் மலை சரிந்து எல்லாம் இழந்தவர்களுக்கும் அவ்வாறே முகாம்கள் நடந்தன.

வீடே இல்லாமற் போனவனுக்கு, அவன் யார் என்று சொல்லும் ஆவணம் திரும்பக் கிடைப்பது சிறிய உதவி அன்று. வந்தேறி வாழும் நமக்கு இதன் அருமை இன்னும் நன்றாகப் புரியும். ஊரில் பாட்டன் பெயரில் உள்ள பத்திரம், அங்கே படித்த பள்ளியின் சான்று, இங்கே பெற்ற இருப்பிடச் சான்று எல்லாம் ஒரே பெட்டியில் இருக்குமாயின், அந்தப் பெட்டியே நம் குடும்பத்தின் வழங்கி. அதற்கும் படி வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

கடையோ, அலுவலகமோ, சங்கமோ நடத்துவோர் முதலில் இரண்டு கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக் கொள்ள வேண்டும். எத்தனை மணி நேரத்துக் கணக்கை இழந்தால் மீண்டும் எழுதிக் கொள்ள முடியும்? எத்தனை மணி நேரம் வேலை நின்றால் தாங்க முடியும்? சாலைக் கடைத்தெருவில் நாளொன்றுக்கு இருநூறு பட்டியல் எழுதும் வணிகர் ஒருவரை எடுத்துக் கொள்வோம். ஒரு நாள் கணக்குப் போனால் காகிதப் படிகளைக் கொண்டு அவர் எழுதிவிடலாம். ஒரு மாதக் கணக்குப் போனால் வரி செலுத்துவதே இடர்ப்படும். அவருக்கு இரவுதோறும் ஒரு படி போதும். மருத்துவமனைக்கோ நிமிடந்தோறும் படி வேண்டும். விடைக்கேற்பச் செலவு, அச்சத்துக்கேற்ப அன்று.

படிகளைப் பற்றி எளிய விதி ஒன்றுண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. தரவு மூன்று படிகளாக இருக்கட்டும்; அவை இரு வகைப் பொருள்களில் இருக்கட்டும்; ஒன்றேனும் வேற்றிடத்தில் இருக்கட்டும். கணினியில் ஒன்று, தனியே கழற்றி வைக்கும் வட்டில் ஒன்று, மேகத்தில் ஒன்று என்றால் விதி நிறைவேறும். வட்டை வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும் என்பதை இலங்கை நிகழ்ச்சி நமக்குக் கற்பித்திருக்கிறது.

மேகத்தில் இடம் பிடித்தோர் வாடகையைத் தவறாது செலுத்த வேண்டும். கட்டணம் செல்லும் அட்டை காலாவதியாகி, எச்சரிக்கைக் கடிதம் எவரும் பாராத முகவரிக்குச் சென்று, கணக்கு மூடப்படுவதும் ஒருவகைப் பழுதே. கடவுச்சொல் ஒருவர் கையில் மட்டும் இருத்தலாகாது. சங்கச் செயலாளர் வளைகுடா நாட்டுக்கு வேலை பெற்றுப் போய்விட்டால் சங்கத்தின் இணையதளமும் அவரோடு கப்பலேறிவிடக் கூடாது. பொறுப்பாளர் இருவர் அறிந்திருக்கட்டும். பதவி மாறும்போது பேரேட்டை ஒப்படைப்பது போலக் கடவுச்சொல்லையும் ஒப்படைக்கட்டும்.

எல்லாவற்றிலும் தலையாயது ஒன்று. படியை மீட்டுப் பார்க்க வேண்டும். காப்புநகல் எடுத்திருக்கிறோம் என்பது நம்பிக்கை. அதனை வேறொரு கணினியில் திறந்து கணக்கு முழுதும் வருகிறது என்று கண்டறிவதே உறுதி. இவ்வளவையும் செய்ய மாதத்தில் ஒரு மணி நேரம் போதும். இடவப்பாதிக்கு முன்னும் துலாவருஷத்துக்கு முன்னும் கூரை ஓட்டைப் பார்த்துச் சரிசெய்கிறோம் அல்லவா? அந்நாளிலேயே இதனையும் பார்த்துவிடலாம்.

டெக்னோபார்க்கில் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய நிறுவனங்களின் வழங்கிகளை இரவு பகலாகக் காக்கும் திறன் உங்களிடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தந்தையாரின் கடைக் கணினியையும் தாயாரின் கைப்பேசிப் படங்களையும் சங்கத்தின் பட்டியலையும் பாருங்கள். அவற்றுக்குப் படி உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில் அன்றே எடுத்து வையுங்கள்.

நம் முன்னோர் தாமிரபரணிக் கரையினின்றும் நாஞ்சில் நாட்டினின்றும் இங்கு வந்தபோது, கொணர்ந்த பெட்டிகள் எல்லாம் இன்று இல்லை. பெட்டிக்குள் இருந்தவற்றுள் எவற்றைப் படியெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனரோ அவையே நம்மிடம் இருக்கின்றன. பெட்டி மாறுவதில் தவறில்லை. உள்ளிருப்பதைக் காப்பது நம் கடன்.